மஞ்சள் பெல்ட் கட்டிய வேப்பமரம்

கடைக்குள் வந்தவன் முதலில் செய்த காரியம், தூணைக் கட்டிப்பிடித்ததுதான்.

ஒரு வணக்கம் இல்லை, 'அண்ணாச்சி இருக்காங்களா' இல்லை... மழைக்குப் பயந்து ஓடி வந்தான், சுற்றும் முற்றும் பார்த்தான், கடை நடுவில் நின்ற கல்தூணை இரண்டு கையாலும் அணைத்துக் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு ஏதோ யோசித்தான். கல்லாவில் உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாள் அசந்துதான் போனாள். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டின்மேல் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை அது. லோடு நனைகிறதே என்று அழுத டிரைவரைப் பார்த்திருக்கிறாள். பந்தல்காரர்கள் ஒருத்தர் கயிற்றை ஒருத்தர் பிடித்திழுத்துச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறாள். தூணைக் கொஞ்சுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

"சார்... அது எங்க தாத்தா காலத்துத் தூணு. விக்கிறதுக்கில்ல."

அவன் கண்ணைத் திறந்தான். மழையில் நனைந்த இமை, அதற்குள்ளே சின்னப் பிள்ளை மாதிரி எதையும் கேட்கத் தயாராய் இரண்டு கண்கள். ஆவுடை சட்டென்று பில் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"இல்லங்க, அளவு பாத்தேன். எங்க வேப்பமரம் இதவிட ஒரு சாண் கூட இருக்கும். அதுக்கு ஒரு பெல்ட்டு வேணும்."

"மரத்துக்கா? ஏன், வேட்டி நிக்கலையா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாடிக்கையாளரிடம் வாயாடாதே என்று அப்பா சௌந்தரபாண்டியன் தினமும் ஓதுவார். நல்லவேளை, அப்பா பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்தவன் கோபப்படவில்லை. தூணை விடாமல் அப்படியே நின்று சிரித்தான்.

"வேட்டி நிக்கி. நான்தான் நிக்க மாட்டேங்கேன்... படுத்துக்கிடணும்." தோள்பையிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு வலையை இழுத்துப் போட்டான். "ஹேமக்கு. வலை ஊஞ்சல். ரெண்டு மரத்துக்கு ஊடால கட்டி, அதுல படுக்கணும்."

"தூளின்னு சொல்லுங்க."

"பெரியாளுகளுக்கான தூளி. இதோட வந்த கயிறு சின்னதா இருந்துச்சு, சரின்னு கட்டிட்டேன். ரெண்டு நாள்தான் படுத்திருப்பேன்... மரத்துல பட்டை உரிஞ்சு பிசின் வடியுது. பாக்கவே ஒரு மாதிரி ஆயிட்டு. அதான் மரத்துக்கு வலிக்காம எதையாவது தாங்க."

மரத்துக்கு வலிக்காமல். ஆவுடை நிமிர்ந்து அவனை முழுசாகப் பார்த்தது அப்போதுதான். கயிறு அறுந்துபோகும், லோடு சரியும், டயர் தேயும் என்று வருகிறவர்கள் உண்டு. மரத்துக்கு வலிக்கிறது என்று இந்தக் கடைக்கு ஒருத்தரும் வந்ததில்லை.

முதலில் கட்டில் நாடாவை எடுத்துப் போட்டாள். அவன் ஒரு முனையைக் காலில் மிதித்துக்கொண்டு மறுமுனையை இழுத்தான். நாடா நீண்டது.

"இதுல படுத்தா காலையில முதுகு தரையில கெடக்கும்."

அடுத்து பருத்தி நாடா. அது அவளுக்கே திருப்தியாயில்லை. "இது ஒரு மழைக்குத் தாங்கும். மறு மழைக்கு இத்துப் போயிரும். வேண்டாம்."

"அப்ப கயித்தையே ரெண்டு சுத்து சுத்துனா?"

"ரெண்டு கோட்டுல அறுக்கும். அவ்வளவுதான்." யோசித்துக்கொண்டே எழுந்து உள் அலமாரிக்குப் போனாள். விஷயம் அவளையும் பிடித்துக்கொண்டது. அகலமாய் இருக்கணும், நீளக் கூடாது, நனைந்தாலும் ஒன்றும் ஆகக் கூடாது... அட, லாரியில் சரக்கு இறுக்குகிற பெல்ட். இரண்டு விரல்கடை அகலம், மலையேறும் லாரியிலேயே அசையாதது. சுருளைக் கொண்டுவந்து பலகையில் உருட்டினாள். "இரும்புக் கொக்கி வேண்டாம், வெட்டிருதேன். முடிச்சு போட்டீங்கன்னா வழுக்கும். அதனால ஒரு முனையில காது தச்சுத் தாரேன். மரத்தச் சுத்தி, இந்த முனைய அந்தக் காதுக்குள்ள விட்டு இழுத்தா அதுவே இறுக்கிப் பிடிச்சுக்கிடும்."

"அப்ப மறுமுனையில ஒரு காதுக்குப் பதிலா வரிசையா நாலஞ்சு தச்சா? ஊஞ்சல ஏத்தலாம், இறக்கலாம்ல?"

அது அவளுக்குத் தோன்றவில்லை. நல்ல யோசனைதான். 'பரவாயில்லையே' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "பாப்போம்" என்றாள்.

பலம் பார்ப்பதற்குப் பெல்ட்டைத் தூணில் சுற்றி ஒரு முனையை அவள் பிடித்தாள், ஒரு முனையை அவன் பிடித்தான். அவன் இழுத்தான். அவள் விடுவாளா? காலை ஊன்றி இழுத்தாள். பெல்ட் ஒரு நூல்கூட நீளவில்லை, ஆனால் இருவரும் தூணுக்கு இரண்டு பக்கமும் மூச்சு வாங்க நின்றபோது, அவன் கண்ணும் அவள் கண்ணும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டன. வெளியே சாரல் வலுத்தது. ஆவுடைக்குக் காது மடல் சுட்டது. பெல்ட்டை விட்டுவிட்டாள்.

"நீங்க... என்ன வேலை பாக்கீங்க?"

"காத்தாடில. கரண்டு எடுக்கிற பெரிய காத்தாடி, பனவடலிசத்திரம் பக்கம் பூரா நிக்கில்லா, அதுகள ஏறி ரிப்பேர் பாக்குதேன். ஊரு கோயில்பட்டி, வேலைக்காக அங்கனயே ரோட்டோரம் வீடு எடுத்துத் தங்கிருக்கேன். பேரு பிரவின்ராஜ். மேல ஏறுறப்ப என் உசுரு ஒரு பெல்ட்டுலதான் தொங்குது. அதான் பெல்ட்டுன்னா நாலு கேள்வி கூடக் கேப்பேன். தப்பா நினைச்சுக்கிடாதீங்க."

அவள் தப்பாக நினைக்கவில்லை. தார்ப்பாய் தைக்கிற கனத்த மெஷினில் உட்கார்ந்து, மரத்துக்கு ஒன்றாக இரண்டு பெல்ட்டுக்கும் காது தைத்தாள். சதுரமாய் ஒரு தையல், நடுவே பெருக்கல் குறி. தைப்பதற்கு முன்னால் எந்தக் கலர் என்று அவன் கேட்டபோது, சுருள்களைப் புரட்டி மஞ்சளை எடுத்தவளும் அவள்தான். அரைத்து வைத்த மஞ்சள் மாதிரி பளிச்சென்ற மஞ்சள்.

"கருப்புன்னா இருட்டுக்குள்ள வாரவன் மாட்டி விழுவான். இது தூரத்துலயே தெரியும்."

அவன் வாங்கிக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பினான். கொஞ்சம் தயங்கினான்.

"இது... ரெண்டு பேர் வெயிட்டு தாங்குமா?"

ஆவுடை பில் புத்தகத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். ஓ... ரெண்டு பேரா. அதுதானே, இவ்வளவு அக்கறையான ஆளுக்கு வீட்டில் ஒருத்தி இல்லாமலா இருப்பாள்.

"ரெண்டு பேரென்ன, குடும்பமே படுக்கலாம்" என்றாள், பில்லைப் பார்த்தபடி.

அவன் சிரித்துக்கொண்டே, குறைந்துவந்த மழைக்குள் இறங்கிப் போனான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரவு படுத்த பிறகும் பிடிபடவில்லை.

அந்த நேரத்தில் இது தேவையில்லாத யோசனை. ஏனென்றால் தென்காசியிலிருந்து ஒரு வரன் வந்து போய், ஆவுடையின் பதிலுக்காகக் காத்திருந்தது. மாப்பிள்ளை செல்போன் கடை வைத்திருந்தான். குறை சொல்ல ஒன்றும் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று அவனுடைய அம்மா கேள்வி கேட்டாள், அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆவுடைக்கு அதில்கூடக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அவரப் பத்தி எனக்கு எதுவுமே கேக்கத் தோணலையேப்பா" என்று மென்று விழுங்கினாள்.

"நீ எதுக்குக் கேக்கணும்? அதான் நான் எல்லாத்தையும் விசாரிச்சுட்டேனே" என்றார் சௌந்தரபாண்டியன், நிஜமாகவே புரியாமல்.

ஆனால் இந்தக் காத்தாடிக்காரனிடம் கேட்க எத்தனை இருந்தது... அவ்வளவு உயரத்தில் காற்று என்ன சத்தம் போடும்? தண்ணீர் தாகம் எடுத்தால் என்ன செய்வான்? அந்த ரெண்டாவது ஆள் யார்? கடைசிக் கேள்வியை மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்டால் அலைகிறாள் என்று நினைத்துவிடுவான். ஆவுடையம்மாள் அப்படியெல்லாம் இறங்கி வருகிற ஆள் கிடையாது.

அவனோ சும்மா இருக்கவில்லை. வலையை மாட்ட ஒரு வளையம் வேண்டும் என்று வந்தான். வளையம் கிறீச்சென்கிறது, எண்ணெய் போடலாமா என்று கேட்க வந்தான். எந்த உயரத்தில் கட்டினால் முதுகு வலிக்காது என்று கேட்க வந்தான். அதற்கும் தார்ப்பாய்க் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"மேல நின்னா எங்க ஊரு தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வெயில் அடிச்சா கோபுரம் தெரியும். பொட்டு மாதிரி. உங்க கடைதான் தெரியல."

"தேடுனீங்களோ?"

"தேடுனேன்" என்றான் மெதுவாக.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆவுடை ஆடி மாதம் முழுக்க ஓட்டினாள். கயிறு அளக்கும்போது தேடுனேன்... தார்ப்பாய் மடிக்கும்போது தேடுனேன். தென்காசிக்கு என்ன சொல்ல என்று அப்பா கேட்கும்போதெல்லாம், கோயில்ல ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும்பா என்று தள்ளிப்போட்டாள்.

தபசும் முடிந்தது. ஊரை நிறைத்திருந்த கூட்டம் வடிந்தது. தார்ப்பாய்க்கு அடிக்கிற பித்தளைக் கண் வாங்க அவள் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள். பனவடலிசத்திரம் தாண்டும்போது மழைத்துளி வழிகிற கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். சும்மா... எந்த வீடு என்று பார்க்கத்தான்.

ரோட்டோரம் ஒரு ஓட்டு வீடு. அதன் முன்னால் இரண்டு வேப்பமரம். அவள் தைத்த பெல்ட் தூரத்திலிருந்தே தெரிந்தது, அவள் சொன்னதுபோலவே. ஆனால் மரத்தில் பெல்ட்டுக்கு மேலேயும் கீழேயும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கிளை நிறையக் குட்டிக் குட்டி மரத்தொட்டில்கள்... சிவப்புத் துணியில் முடிந்த சின்னத் தூளிகள்... வளையல்கள். நடுவே அந்தப் பச்சை வலைக்கும் யாரோ மாலை போட்டிருந்தார்கள்.

பக்கத்து இருக்கை அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பிள்ளை இல்லாதவுக கட்டுதாங்கம்மா. அந்த வீட்டுத் தம்பிதான் மொதமொதல்ல பெரிய தொட்டிலா நேந்து கட்டுனாராம். பாவம், என்ன கொறையோ."

பஸ் போய்க்கொண்டிருந்தது. ஆவுடைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரெண்டு பேர் வெயிட்டு. வாசலில் நின்று சிரித்த சிரிப்பு. வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள். பிள்ளை இல்லாத வருத்தத்தில் இருக்கிறாள். வேண்டுதல் தொட்டிலுக்குப் பெல்ட் வாங்க வந்தவனைப் போய் இவள்... சீ. அவன் மட்டும் என்ன யோக்கியமா? கட்டினவளை வீட்டில் வைத்துக்கொண்டு, காத்தாடி மேலேயிருந்து இன்னொருத்தி கடையைத் தேடினானாமே. பித்தளைக் கண் வாங்கப் போனவள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

"அப்பா, தென்காசிக்குச் சரின்னு சொல்லிருங்க."

சௌந்தரபாண்டியன் மகளை உற்றுப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்லுதியா?"

"ஆமாம்பா."

"அப்ப நாளைக்கு வெள்ளிக்கிழமை. ராகு காலம் கழியட்டும், பன்னெண்டு மணிக்குப் போன் போட்டு உறுதி சொல்லிருதேன். சொன்னா சொன்னதுதான், பெறவு பேச்சு மாறக் கூடாது தாயி."

அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் பிரவின்ராஜ் கடைக்கு வந்தான். கையில் சுருட்டிய மஞ்சள் பெல்ட் ஒன்று. தூணைத் தொடவில்லை. முகத்தைப் பார்த்தால் தூங்கி நாளானவன் மாதிரி இருந்தான். பின்கட்டில் அப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டு, போனில் நம்பரைத் தேடிக்கொண்டு இருந்தார்.

"இத மாத்திக் கருப்புத் தாங்களேன்."

"வித்த சாமான் திரும்ப எடுக்கிறதில்ல. போர்டு இருக்கு, பாருங்க."

"எடுக்க வேண்டாம். புதுசாவே ரெண்டு தாங்க. கருப்பு."

"எதுக்கு? ஒரு மரம் பத்தலையோ?" அவள் குரல் அவளுக்கே கசந்தது. "உங்க வேண்டுதல் பலிக்கட்டும். வீட்டுல அவுகளையும் கேட்டதாச் சொல்லுங்க."

"யார?"

"யாருக்காகத் தொட்டில் கட்டுனீங்களோ, அவுகள."

பிரவின்ராஜ் முழித்தான். பிறகு வாயைத் திறந்தான், மூடினான். நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ... நீங்களுமா?" கடைப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ஏங்க, அது உங்க மஞ்சள் பெல்ட்டு பண்ணுன வேலைங்க. தபசுக்கு நடந்து வந்தவங்க மரத்தடியில நின்னுருக்காங்க. வேப்பமரம்... இடுப்புல மஞ்சள் பட்டை... நடுவுல பெரிய தூளி. நான் வேலைக்குப் போயிருக்கேன். அம்மன் மரம்னு நினைச்சு ஒரு அக்கா தொட்டில் கட்டிருக்காங்க. அதப் பாத்து அடுத்தவங்க. சாயங்காலம் வந்து பாக்கேன், என் ஊஞ்சலுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைச்சிருக்காங்க."

ஆவுடை கல்லாவைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்ப... நீங்க நேந்துக்கிடல?"

"நேந்துக்கிட எனக்குக் கல்யாணமே ஆகலீங்க. அம்மாட்ட போட்டோ அனுப்புனேன். 'ஏலே, கல்யாணத்துக்கே வழியக் காணும், தொட்டில் எதுக்குலே'ன்னு வையுதாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது, அது சிரித்த தண்ணீர்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவங்கக்கிட்டச் சொல்ல வேண்டியதுதான... இது லாரி பெல்ட்டுன்னு."

"சொல்லத்தான் போனேன்." அவன் குரல் தணிந்தது. "ஒரு அக்கா கட்டிக்கிட்டு நிக்காங்க. கண்ணு நிறையத் தண்ணி. அவங்கக்கிட்டப் போயி எப்படிங்க சொல்ல? அதான் முடிவு பண்ணிட்டேன். பெரிய மரத்துல இருக்கிறது அப்படியே இருக்கட்டும். இன்னொரு மரத்துல கெடந்தத அவுத்துட்டு வந்துட்டேன். நான் கொல்லையில ரெண்டு மரம் பாத்துக்கட்டிக்கிடுதேன். கருப்புன்னா ஒருத்தரும் கும்பிட மாட்டாங்கல்லா."

ஆவுடை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மரத்துக்கு வலிக்கக் கூடாது என்று வந்தவன், முன்பின் தெரியாத ஒருத்திக்கு வலிக்கக் கூடாது என்று தன் ஊஞ்சல் மரத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறான். இவனைப் போய்...

"அப்ப ஒண்ணு கேக்கேன்" என்றாள். இத்தனை நாள் அடக்கி வைத்த கேள்வி. "ரெண்டு பேர் வெயிட்டு தாங்குமான்னு கேட்டீங்களே... யாரு அந்த ரெண்டாவது ஆளு?"

பிரவின்ராஜ் கையிலிருந்த பெல்ட்டைச் சுருட்டினான், அவிழ்த்தான், மறுபடி சுருட்டினான்.

"அன்னைக்கு யாருமில்ல. கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் தீந்துபோச்சு, மழையும் விட்டுரும் போல இருந்துச்சு... இன்னும் ஒண்ணு கேட்டா இன்னும் கொஞ்ச நேரம் நிக்கலாமேன்னு கேட்டேன்." நிமிர்ந்தான். அதே கண்கள். "இன்னைக்குக் கேட்டா, நெசமாவே ரெண்டு பேருக்காகத்தான் கேப்பேன். நீங்க சரின்னா."

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

பின்கட்டிலிருந்து சௌந்தரபாண்டியனின் குரல், கல்யாணக் குரலாக, கணீரென்று வந்தது. "ஹலோ... தென்காசி அண்ணாச்சியா? நான் சங்கரன்கோவில்லருந்து பேசுதேன்..."

ஆவுடை ஓடினாள். அளவுகோலைத் தட்டிவிட்டு, தார்ப்பாய்ச் சுருளைத் தாண்டி, பாதியில் செருப்பை விட்டு ஓடினாள். அப்பா காதில் இருந்த போனைப் பிடுங்கி, "அண்ணாச்சி, அப்பா பெறவு பேசுவாங்க" என்று சொல்லி அணைத்தாள்.

"ஏட்டி, என்ன செய்த?" சௌந்தரபாண்டியனுக்குக் கை அந்தரத்தில் நின்றது. "நீதானே நேத்து சரின்ன? சொன்னா சொன்னதுதான்னு உங்கிட்ட ஒருதடவைக்கு ரெண்டுதடவ கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்கப்பா."

"பெறவு?"

ஆவுடை திரும்பிக் கடையைப் பார்த்தாள். பலகையிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தான் அவன். வீம்பெல்லாம் எங்கே போனதோ... யோசிக்கவே இல்லை, வந்த வார்த்தை அப்படியே வந்தது.

"நேத்து வரைக்கும் இவுகளுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சுப்பா."

சௌந்தரபாண்டியன் மகளைப் பார்த்தார். கையில் மஞ்சள் பெல்ட்டோடு நிற்கிற ஆளைப் பார்த்தார். வளையத்துக்கு எண்ணெய் போடலாமா என்று கேட்க வந்த தம்பி இல்லையா இது? அவருக்கு மெல்ல விளங்க ஆரம்பித்தது. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, கல்லா ஓரத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"தம்பி, இப்படி வந்து உக்காருங்க. எனக்குக் கொஞ்சம் விசாரிக்கணும்."

"நானும் கேப்பேன்பா" என்றாள் ஆவுடையம்மாள். "எனக்கு நெறையக் கேக்கணும்."

பிரவின்ராஜுக்கு உட்காரத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற கல்தூணை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.